மெட்டல் செராமிக் பிரிட்ஜ்ல கிராக் வந்துட்டே இருக்கா? மூடறதுக்கு முன்னாடி அந்தக் கோட்டைப் படிங்க

பல் லேப்ல ரெண்டு வருஷமா, மெட்டல் மேல செராமிக் பவுடர் வச்சு சுட்டு பல்லு கட்டற பில்டப் வேலை பண்ணிட்டு இருக்கற ஒரு தம்பி ரெண்டு விஷயம் கேட்டிருந்தார். முதல் கேஸ், மேல் தாடை இடது பக்கம் 23-ம் நம்பர் பல்லுலேருந்து 26 வரைக்கும் நாலு யூனிட், 24-ம் 25-ம் பான்டிக் (பல்லு இல்லாத இடத்துல தொங்கற பொய்ப்பல்), மெட்டல் நிக்கல் குரோம். ஷேட் (நிறம்) சரியில்லன்னு ரெண்டு தடவை சுட்டு, கடைசியா பளபளப்புக்கு சுடற கிளேஸ் முடிஞ்சு வெளிய எடுத்தப்ப நல்லாத்தான் இருந்துச்சாம், மறுநாள் காலைல டாக்டருக்கு அனுப்பலாம்னு எடுத்துப் பார்த்தா 25-ம் 26-ம் சேர்ற இடத்துல ஈறு பக்கமா மயிரிழை மாதிரி ஒரு கோடு. அரைச்சு, பவுடர் வச்சு, மறுபடி சுட்டிருக்கார், திரும்ப அதே இடம். மூணாவது தடவையும் அதே இடம். ரெண்டாவது கேஸ், ரெண்டு வருஷம் முன்னாடி ஒட்டின பிரிட்ஜ்ல முன்பக்கம் செராமிக் பேந்துடுச்சு, டாக்டர் "கழட்டி அனுப்பறேன், கொஞ்சம் வச்சு சுட்டுக் குடுத்துடுங்க"ன்னு சொல்றார், பண்ணலாமா வேணாமான்னு கேக்கறார்.

தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். ஒரே இடத்துல மூணு தடவை கிராக் வருதுன்னா பிரச்சனை பவுடர்ல இல்ல, உங்க பிரஷ்ஷுலயும் இல்ல. கிராக் தெரியறது செராமிக்ல, அது பொறக்கற இடம் பெரும்பாலும் அடியில இருக்கற மெட்டல், இல்லன்னா நாம டிஸ்க்ல போடற கோடு. நான் இந்த பெஞ்ச்ல உக்காந்து 22 வருஷம் ஆச்சு, ஆரம்பத்துல நானும் இதே மாதிரி கிராக் வந்தா பவுடர் கம்பெனிய மாத்துவேன், அப்புறம் டெம்பரேச்சரை 10 டிகிரி ஏத்துவேன், அப்புறம் எறக்குவேன், ஒரு மாசம் பூரா இப்படியே போச்சு. அப்ப எனக்கு வேலை சொல்லிக்குடுத்த சீனியர் அண்ணன் அந்த பிரிட்ஜை கையில வாங்கி டிஸ்க்கை வச்சு நடுவுல ரெண்டா வெட்டிட்டார். நாலு நாள் உழைப்பு, எனக்கு வயிறு எரிஞ்சுது. ஆனா வெட்டின முகத்தைப் பார்த்ததும் வாயடைச்சுப் போச்சு, ஒரு பக்கம் செராமிக் 3 மில்லி கனத்துல தொங்குது, இன்னொரு பக்கம் அரை மில்லி கூட இல்ல. நீங்களும் அந்த மூணு தடவை சுட்ட பிரிட்ஜை தயவு செஞ்சு ரிப்பேர் பண்ணாதீங்க, 25-க்கு நடுவுல ஒரு வெட்டு, 25-ம் 26-ம் சேர்ற கனெக்டர்ல ஒரு வெட்டு, வெட்டிப் பாருங்க. அதுல தெரியறது நான் எழுதறதை விட அதிகம்.

இப்ப ஏன் வெடிக்குதுன்னு பார்ப்போம். சூடு பண்ணினா எல்லாம் விரியும், ஆறினா சுருங்கும், எவ்ளோங்கறதைத்தான் சி.டி.இ-ன்னு மெட்டல் பாக்கெட்ல போட்டிருப்பாங்க. 14-ன்னு போட்டிருந்தா, ஒரு மீட்டர் நீளக் கம்பி ஒரு டிகிரி சூட்டுக்கு 14 மைக்ரான் நீளுதுன்னு அர்த்தம். நாம வேலை செய்யற நிக்கல் குரோம், கோபால்ட் குரோம் எல்லாம் சுமார் 14-ஐ ஒட்டி இருக்கும், செராமிக் அதை விட அரையிலேருந்து ஒண்ணு வரைக்கும் கம்மியா இருக்கணும். ஏன் கம்மியா? மாட்டு வண்டி சக்கரத்துக்கு இரும்புப் பட்டாவை சூடு பண்ணி மாட்டுவாங்க இல்ல, ஆறும்போது பட்டா சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடிக்கும். அங்க இறுக்கற இரும்பு வெளிய இருக்கு, இங்க மெட்டல் உள்ள இருக்கு, ஆனா காரியம் ஒண்ணுதான், மெட்டல் ஒரு பிடி அதிகமா சுருங்கி தன்னோட ஒட்டியிருக்கற செராமிக்கை உள்பக்கம் இழுத்து அமுக்கி வைக்குது. செராமிக் அமுக்கத்தை நல்லாவே தாங்கும், இழுவையைத் தாங்கவே தாங்காது. அது கண்ணாடி ஜாதி.

30 மில்லி நீளமுள்ள பிரிட்ஜ்னு வச்சுக்கோங்க, செராமிக் கெட்டியாகற சூடு சுமார் 575 டிகிரி, அங்கேருந்து ரூம் சூட்டுக்கு வரும்போது சி.டி.இ-ல ஒண்ணு வித்தியாசம் இருந்தா ரெண்டுக்கும் நடுவுல 16 மைக்ரான் சுருக்க வித்தியாசம் வருது. 16 மைக்ரான் ஒண்ணுமே இல்லாத மாதிரி தோணும், ஆனா கண்ணாடிக்கு அதுவே பெரிய விஷயம். அதனாலதான் ஒரு கம்பெனி மெட்டல்ல எந்தப் பவுடர் வேணா போடலாம்னு நினைக்கறது ஆபத்து. டைட்டானியம் சுமார் 9.6, சிர்கோனியா சுமார் 10.5, இதுல நம்ம சாதாரண மெட்டல் செராமிக் பவுடரைப் போட்டா கண்டிப்பா வெடிக்கும், ஏன்னா அங்க செராமிக் அதிகமா சுருங்கி தானே இழுவைல மாட்டிக்குது.

இந்த செராமிக்குக்கு சி.டி.இ இவ்ளோ உயரமா வர்றதுக்குக் காரணம் லூசைட்ங்கற படிகம். வெறும் ஃபெல்ட்ஸ்பார் கண்ணாடி சுமார் 8-தான் இருக்கும், லூசைட் 20-க்கு மேல, ரெண்டும் கலந்து மெட்டலுக்குப் பக்கத்துல கொண்டு வந்திருக்காங்க. 1962-ல வைன்ஸ்டைன் பேர்ல பேட்டன்ட் ஆன விஷயம் இதுதான், அதுக்கு அப்புறம்தான் மெட்டல் மேல செராமிக் சுடற வேலை உலகம் பூரா ஓட ஆரம்பிச்சுது. இதை ஏன் இவ்ளோ விளக்கறேன்னா, அந்த லூசைட் அளவு ஃபர்னஸுக்குள்ள மாறும். ஒவ்வொரு தடவை சுடும்போதும், மெதுவா ஆற விடும்போதும் மாறும். நீங்க ஷேட் சரியில்லன்னு ரெண்டு தடவை, கிராக்குக்காக மூணு தடவைன்னு சுட்டிருக்கீங்க, மெட்டல் நிறத்தை மறைக்க முதல்ல போடற ஒப்பேக், கிளேஸ் எல்லாம் சேத்தா அந்த பிரிட்ஜ் ஒம்பது பத்து தடவை உள்ள போய் வந்திருக்கும். முதல் தடவை அது வாங்கின சி.டி.இ வேற, இப்ப இருக்கறது வேற. இதுக்கு மேல அதைக் காப்பாத்த முடியாது.

கிராக்கோட வடிவத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிஞ்சுடும். கோடு செங்குத்தா, மெட்டல்லேருந்து வெளிப்பக்கம் கிளம்பி வர்ற மாதிரி இருந்தா செராமிக் மெட்டலை விட அதிகமா சுருங்கியிருக்கு. மெட்டலுக்கு இணையா ஓடி, சில்லு சில்லா பேத்துக்கிட்டு வந்தா மெட்டல் ரொம்ப அதிகமா சுருங்கியிருக்கு. மெட்டல் சி.டி.இ உயரத்துல இருந்தா கிளேஸுக்கு அப்புறம் மெதுவா ஆற விடுங்க, லூசைட் கொஞ்சம் கூடி செராமிக் மெட்டல் பக்கம் நெருங்கும். மெட்டல் சி.டி.இ கம்மின்னா மெதுவா ஆற விட்டா இன்னும் மோசமாகும், அங்க சீக்கிரம் எடுக்கணும். பல பேர் "ஸ்லோ கூலிங் எப்பவுமே நல்லது"ன்னு மனப்பாடமா சொல்றாங்க, அது தப்பு, மெட்டலோட ஷீட்டைப் பார்த்து முடிவு பண்ற விஷயம் அது.

எப்ப வந்துச்சுங்கறதும் முக்கியம். ஒப்பேக்ல வறண்ட ஏரி மண்ணு மாதிரி பாளம் பாளமா வெடிச்சா ஒப்பேக் கனமா போட்டிருக்கீங்க, இல்ல சரியா காயாம உள்ள தள்ளியிருக்கீங்க. முதல் டென்டின் பேக்ல, அதாவது பல்லு நிறப் பவுடரை முதல் தடவை சுடறப்ப, ரெண்டு பல்லுக்கு நடுவுல பிளவு வந்தா அது கிராக்கே இல்ல, பவுடர் சுடும்போது சுமார் அஞ்சுல ஒரு பங்கு சுருங்கும், ஒவ்வொரு பல்லும் தன் நடுப்பக்கம் சுருங்கும்போது நடுவுல விலகும், சுடறதுக்கு முன்னாடியே மெல்லிய பிளேடால ஒப்பேக் வரைக்கும் பிரிச்சு விட்டுட்டு ரெண்டாவது பேக்ல நிரப்பிட்டா போதும். உங்களோடது மாதிரி மறுநாள் காலைல தெரியற கிராக்தான் மோசமான ஜாதி. சாயங்காலமே உள்ள இழுவை இருந்திருக்கு, காத்துல இருக்கற ஈரம் அந்தக் கண்ணுக்குத் தெரியாத வெடிப்போட நுனியைக் கொஞ்சம் கொஞ்சமா தின்னு ராத்திரியோட ராத்திரியா நீள விட்டிருக்கு. கண்ணாடிக்கு ஈரம் பட்டா வெடிப்பு சுலபமா வளரும். லேப்ல வெடிச்சதுக்கு சந்தோஷப்படுங்க, வாயில போய் எச்சில்ல ஊறி ஆறு மாசம் கழிச்சு வெடிச்சிருந்தா அந்தப் பேஷன்ட் என்ன பாடு பட்டிருப்பார்.

உங்க கேஸ்ல எனக்கு சந்தேகம் மூணு இடத்துல இருக்கு. முதல்ல மெட்டல் டிசைன். பான்டிக்கை வாக்ஸ்ல எப்படி பண்றீங்க? ஒரு உருண்டையை உருட்டி நடுவுல சொருகிட்டு ரெண்டு பக்கம் ஒட்டற பழக்கம்னா இன்னிக்கே நிறுத்துங்க. முழு பல்லா வாக்ஸ் அப் பண்ணி, கடியைப் பார்த்து, அப்புறம் செராமிக் வர்ற இடத்துல மட்டும் ஒரே சீரா ஒண்ணேகால், ஒண்ணரை மில்லி வெட்டி எடுக்கணும், அப்பதான் எல்லாப் பக்கமும் செராமிக் ஒரே கனத்துல உக்காரும். அடியில மெட்டல் தாங்காம 2 மில்லிக்கு மேல செராமிக் எங்கயும் தொங்கக் கூடாது. காஸ்டிங்குக்கு அப்புறம் மெட்டல் 0.3 மில்லிக்குக் கீழ போகக் கூடாது, காலிப்பரை வச்சு அளங்க, கண் மதிப்புல விடாதீங்க, ஃபினிஷிங்ல அரைச்சு அரைச்சு 0.2-க்கு வந்துடும் அது தெரியவே தெரியாது. மூலை எல்லாம் மழுங்கலா இருக்கணும், கூரா ஒரு விளிம்பு இருந்தா அங்கேருந்துதான் வெடிப்பு கிளம்பும். ரெண்டு பான்டிக் சேர்ந்து இருக்கறப்ப இன்னொரு தொல்லை, அங்க மெட்டல் கட்டியா இருக்கறதால சூடு தேங்கும், ரெண்டு பக்கமும் தாங்கற பல்லு மேல உக்கார்ற மெட்டல் தொப்பி (கோப்பிங்) ஆறிடும், நடு மட்டும் சூடா நிக்கும். அண்ணப் பக்கம் ஒரு மெட்டல் பட்டை விட்டு வச்சா அது சூட்டையும் வெளிய கொண்டு போகும், பிரிட்ஜுக்கு பலமும் குடுக்கும், பல்லு வெளிய தெரியற பக்கம் இல்லாததால டாக்டரும் ஒத்துக்குவார், கேட்டுப் பாருங்க.

ரெண்டாவது கனெக்டர். பிரிட்ஜ் வளையறது நீளத்தோட மும்மடிப் பெருக்கம், அதாவது ஒரு பான்டிக்குக்குப் பதிலா ரெண்டு பான்டிக்னா எட்டு மடங்கு வளையும், மூணுன்னா 27 மடங்கு. கனெக்டர் உயரம் அதுக்கு எதிர்மாறா வேலை செய்யும், 3 மில்லி இருக்க வேண்டிய இடத்துல 2 மில்லி விட்டா மூணு மடங்குக்கு மேல வளையும். மெட்டல் வளையும் உடையாது, மேல இருக்கற செராமிக் வளையாது உடையும். அகலத்தை விட உயரம்தான் முக்கியம், இடம் இல்லன்னா டாக்டர்கிட்ட சொல்லி அங்க செராமிக்கை விட்டுட்டு மெட்டல்லயே விடுங்க. அழகு போகுதேன்னு யோசிக்காதீங்க, கடைவாய்ல யாரும் எட்டிப் பார்க்கறதில்ல.

மூணாவதுதான் எனக்கு ரொம்ப சந்தேகம், டிஸ்க். ஒவ்வொரு பல்லும் தனித்தனியா தெரியணும்னு கடைசியா மெல்லிய டைமண்ட் டிஸ்க்கை வச்சு நடுவுல ஆழமா ஒரு கோடு போடுவோம் இல்ல, அந்தக் கோட்டோட அடி கத்தி மாதிரி கூரா இருக்கும், ஒப்பேக் வரைக்கும் இறங்கியிருந்தா அது நாமளே கிராக்கை ஆரம்பிச்சு வச்ச மாதிரி. உங்க கோடு ஈறு பக்கம் கனெக்டர்ல வருதுன்னு சொல்றதைப் பார்த்தா நூத்துக்கு எழுபது இதுவாத்தான் இருக்கும்னு நினைக்கறேன். கோட்டை ஆழம் கம்மியா போட்டு, அடியை ரப்பர் வீல்ல மழுங்கடிச்சுட்டு கிளேஸ் பண்ணுங்க.

மெட்டல் ட்ரீட்மென்ட் பத்தி நிறைய பேர் எழுதியாச்சு, நான் தப்பு நடக்கற இடத்தை மட்டும் சொல்றேன். காஸ்டிங்ல மிஞ்சின பழைய மெட்டல் கட்டியை (பட்டன்) மறுபடி உருக்கி ஊத்தறது, நிக்கல் குரோம் மாதிரி பேஸ் மெட்டல்ல வேண்டவே வேண்டாம். காஸ்டிங்ல சின்ன ஓட்டை இருந்தா அதுக்குள்ள இருக்கற காத்து சுடும்போது வெளிய வந்து ஒப்பேக்கை ஊதி விடும். மெட்டலை கார்பைட் பர் வச்சு ஒரே திசைல அரைங்க, முன்னும் பின்னும் இழுத்தா மெட்டல் மடிஞ்சு மடிப்புக்குள்ள அழுக்கும் காத்தும் மாட்டிக்கும். வேற மெட்டலுக்கு யூஸ் பண்ண ஸ்டோனை இதுக்குத் தொடாதீங்க. அப்புறம் 110-லேருந்து 250 மைக்ரான் அலுமினியம் ஆக்சைடு, 3-லேருந்து 4 பார், 45 டிகிரி சாய்வுல பிளாஸ்ட் பண்ணி ஸ்டீம் அடிச்ச பிறகு கையால தொடவே கூடாது, விரல் எண்ணெய் ஒண்ணு போதும். நிக்கல் குரோம்ல ஆக்சைடு தானாவே தேவைக்கு மேல வரும், கனமா கருப்பா வந்த ஆக்சைடு மேல ஒப்பேக் போட்டா அது ஆக்சைடோட சேர்ந்து உரிஞ்சு வரும், அதனால டீகேஸ் பண்ணின பிறகு, அதாவது ஒப்பேக்குக்கு முன்னாடி மெட்டலை மட்டும் சூடு பண்ணி எடுத்த பிறகு, திட்டுத் திட்டா இல்லாம ஒரே நிறமா இருக்கான்னு பாருங்க, உங்க மெட்டல் கம்பெனி ஆக்சைடை பிளாஸ்ட் பண்ணி எடுக்கச் சொன்னா கண்டிப்பா எடுங்க. ஒப்பேக் முதல் கோட் தண்ணி மாதிரி மெல்லிசா, கொஞ்சம் சூடு கூட்டி, ரெண்டாவது கோட்லதான் நிறத்தை மூடணும், மொத்தம் 0.2, 0.3 மில்லி போதும். இதுக்கு நடுவுல ஒரு வேண்டுகோள், மெட்டல் அரைக்கும்போது மாஸ்க்கும் சக்ஷனும் இல்லாம உக்காராதீங்க. சில பழைய நிக்கல் குரோம்ல பெரிலியம் இருக்கும், அந்தத் தூசி நுரையீரலை நிரந்தரமா கெடுக்கும். ஐஎஸ்ஓ 22674 இப்ப 0.02 சதவீதத்துக்கு மேல பெரிலியம் கூடாதுங்குது, பெரிலியம் இல்லாததுன்னு போட்ட மெட்டலை மட்டும் வாங்கச் சொல்லி ஓனர்கிட்ட சண்டை போடுங்க, தப்பே இல்ல.

ஃபர்னஸ் காட்டற நம்பரை அப்படியே நம்பாதீங்க. நகைப் பட்டறைல 999 சுத்த வெள்ளிக் கம்பி ஒரு துண்டு வாங்கி, டிரேல வச்சு, 955-ல ஒரு தடவை 965-ல ஒரு தடவை ஓட்டிப் பாருங்க, வெள்ளி உருகறது 962-ல. 955-லயே உருண்டையாச்சுன்னா உங்க ஃபர்னஸ் காட்டறதை விட சூடு அதிகமா குடுக்குது, 965-லயும் அப்படியே நின்னா கம்மியா குடுக்குது. நம்ம ஊர் கரண்ட்டுக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை இதைப் பண்ணணும், நடுவுல கரண்ட் போய் வாக்யூம் விட்டுப் போன பேக்கை "பரவால்ல"ன்னு தொடரவும் கூடாது. இன்னொண்ணு, சூடா எடுத்த டிரேயை ஃபேனுக்கு அடியில, ஏசி காத்துல, டைல்ஸ் மேல வைக்கறது நிறைய லேப்ல பார்த்திருக்கேன். மேல செராமிக் ஆறிடும், உள்ள மெட்டல் ஆறாது, அங்கதான் வம்பு. மூடி வைங்க, காத்து படாத மூலைல.

சரி, ரிப்பேர். கிளேஸுக்கு முன்னாடி, முதல் தடவை வந்த கிராக்னா சரி பண்ணலாம். ஆனா மேல கோட்டை மூடற மாதிரி பவுடர் பூசினா பிரயோஜனம் இல்ல, அடியில வெடிப்பு அப்படியே உக்காந்திருக்கும். கோடு முடியற இடம் வரைக்கும், தேவைப்பட்டா ஒப்பேக் வரைக்கும், வாய் அகலமா அடி மழுங்கலா அரைச்சு எடுத்து, அல்ட்ராசானிக்ல டிஸ்டில்ட் வாட்டர் விட்டுக் கழுவி, மெட்டல் தெரிஞ்சா பிளாஸ்ட் பண்ணி ஒப்பேக் வச்சு, நல்லா காய விட்டு சுடுங்க. ஒரு தடவைதான். அதே இடத்துல ரெண்டாவது தடவை வந்தா செராமிக்கை முழுசா எடுத்துட்டு மெட்டலை அளந்து பாருங்க, மெட்டல் டிசைன் தப்புன்னா புது காஸ்டிங். டெலிவரி தள்ளிப் போகும், டாக்டர் கத்துவார், பரவால்ல, ஒரு போன் பண்ணி உண்மையைச் சொன்னா பெரும்பாலான டாக்டர்கள் புரிஞ்சுக்கறாங்க.

ரெண்டாவது கேஸ், வாயில ரெண்டு வருஷம் இருந்த பிரிட்ஜ். அப்படியே ஃபர்னஸ்ல வைக்காதீங்க தம்பி. ரெண்டு வருஷமா எச்சில் ஊறியிருக்கு, உள்ள சிமென்ட் மிச்சம் இருக்கு, நான் ஒரு தடவை ஒரு டாக்டரோட அவசரத்துக்காக இப்படி வச்சு, 600 டிகிரி தாண்டறதுக்குள்ள நல்லா இருந்த மத்த மூணு பல்லும் குமிழ் விட்டு சாம்பல் நிறமா வந்துச்சு. பேஷன்ட்டோட வேலை செஞ்சுட்டு இருந்த பிரிட்ஜை நான் கெடுத்துட்டேன், அது இன்னிக்கும் மனசுல இருக்கு. பல மணி நேரம் மெதுவா உலர வச்சு சுடற வழி இருக்கு, ஆனா உறுதி கிடையாது. அதோட, ஒட்டின பிரிட்ஜைத் தட்டிக் கழட்டும்போது தாங்கற பல்லே உடையலாம், அந்த ரிஸ்க் எதுக்கு.

முன்பக்கம் மட்டும் பேந்திருந்தா, மத்தபடி ஆட்டம் இல்லாம இருந்தா, டாக்டரே வாயிலயே கம்போசிட் (பல்லு நிற ரெசின்) வச்சு சரி பண்ணலாம், அதைத்தான் நீங்க அவர்கிட்ட சொல்லணும். பல்லைச் சுத்தி ரப்பர் ஷீட் (ரப்பர் டேம்) போட்டு, உடைஞ்ச ஓரத்தை சாய்வா தேய்ச்சு, 50 மைக்ரான் அலுமினாவோ இல்ல சிலிகா பூசின 30 மைக்ரான் துகளோ வச்சு வாயிலயே பிளாஸ்ட் பண்ற சின்ன கருவி இருக்கு, அதுல மெட்டலையும் செராமிக்கையும் சொரசொரப்பாக்கணும். மெட்டல் தெரியற இடத்துக்கு, மெட்டலைப் பிடிச்சுக்கற எம்.டி.பி-ங்கற பொருள் இருக்கற பிரைமர், செராமிக் தெரியற இடத்துக்கு செராமிக்கோட பிணையற சிலேன் திரவம், அப்புறம் பான்டிங், மெட்டல் கருப்பு தெரியாம இருக்க மெல்லிசா ஒப்பேக்கர், அதுக்கு மேல கம்போசிட். பல்லுக்கு வைக்கற பாஸ்பாரிக் ஆசிட் செராமிக்கை அரிக்காது, சுத்தம் மட்டும்தான் பண்ணும், இதைத் தெரியாம அதை மட்டும் வச்சு ஒட்டினதுதான் ஒரு மாசத்துல விழுந்துடுது. ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட் செராமிக்கை நல்லா அரிக்கும், ஆனா ஈறுல தோல்ல பட்டா உள்ள இறங்கி எரிக்கும், ரப்பர் டேம் இல்லாம வாய்க்குள்ள அதைக் கொண்டு போகவே கூடாது. லேப்ல வச்சிருந்தா பக்கத்துலயே கால்சியம் குளுக்கோனேட் ஜெல் இருக்கணும். சிலேன் பாட்டில் கலங்கி பால் மாதிரி இருந்தா அது செத்துப் போச்சு, தூக்கிப் போடச் சொல்லுங்க.

டாக்டர்கிட்ட இன்னொரு கேள்வியும் மறக்காம கேளுங்க, அது ஏன் பேந்துச்சு? எதிர்ப்பல்லு சரியா செராமிக்கும் மெட்டலும் சேர்ற கோட்டுல வந்து இடிக்குதா, அந்தக் கோட்டுலேருந்து ஒண்ணரை மில்லியாவது தள்ளி கடி விழணும். பேஷன்ட் தூக்கத்துல பல்லைக் கடிக்கறவரா? ஒட்டும்போது கடி சரி பண்ண டைமண்ட் பர் வச்சு தேய்ச்சுட்டு பாலிஷ் பண்ணாம விட்டாங்களா, அந்தக் கீறல் ஒவ்வொண்ணும் ஒரு வெடிப்போட விதை. கடியைச் சரி பண்ணாம மேல கம்போசிட் வச்சா அதுவும் அதே வழியா போகும். கனெக்டரே மெலிசா இருந்து பிரிட்ஜ் வளையறதா தெரிஞ்சா, இல்ல கடிக்கற பக்கமே பெருசா பேந்திருந்தா, கம்போசிட் சும்மா கொஞ்ச நாளைக்கு, பேஷன்ட்கிட்ட அதை முன்னாடியே சொல்லிட்டு புது பிரிட்ஜுக்கு அளவு எடுக்கச் சொல்லுங்க. அந்தப் புது பிரிட்ஜ் உங்ககிட்ட வந்தா வாக்ஸ் ஸ்டேஜ்லயே ஒரு போட்டோ எடுத்து, கனெக்டர் உயரத்தை அளந்து எழுதி டாக்டருக்கு அனுப்பிட்டு அப்புறம் காஸ்ட் பண்ணுங்க.